கைடு டிராக்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஹாலில்தான் அந்த ரெக்கார்டிங் நடந்தது. என் நண்பன் தன் முதல் படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்தான். சர்ச் கொயரில் பள்ளிக் காலத்திலிருந்தே அவன் கீபோர்டு, நான் கிடார். "படத்துல ஒரு முக்கியமான இடம். உன் எலெக்ட்ரிக் கிடார்தான். ஸ்டுடியோவெல்லாம் வேணாம், உன் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்டி" என்றான். நான் ஃபிசிக்ஸ் டீச்சர். அன்று வகுப்பில் எனக்குப் பாடமே ஓடவில்லை.

முதலில் கிடார் கேபிளை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் சொருகிப் பார்த்தேன். தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டது. சொன்னதும் கோட்டூர்புரத்திலிருந்து தன் ஆடியோ இன்டர்ஃபேஸை எடுத்துவந்தான். கிடார் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சின்னப் பெட்டி அது. அடுத்து வேறு தொல்லை. கம்பியை மீட்டினால் ஹெட்போனில் சற்றுப் பிந்திக் கேட்டது, உதடும் வசனமும் ஒட்டாத டப்பிங் படம் மாதிரி. செட்டிங்கில் எதையோ குறைத்துச் சரிசெய்தான். அப்புறமும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஃபேனை நிறுத்தினோம், ஃபிரிட்ஜை நிறுத்தினோம். கடைசியில் நான் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் கப்பென்று அடங்கியது. இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை முழுக்க வாசித்தேன். சத்தம் கூடாதென்று அவன் கெஞ்சியதால் அம்மா மிக்ஸியைக்கூடப் போடவில்லை. சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. ஓரிடத்தில் விரல் தவறிக் கீழே இறங்கி, அங்கிருந்து சறுக்கி மேலேறினேன்.

"தப்பு. திரும்ப எடுக்கலாம்" என்றேன்.

"பைத்தியமா? அதுதான்டி உயிரே. அப்படியே இருக்கட்டும்."

சில மாதம் கழித்து வடபழனியில் ஒரு சின்னத் தியேட்டரில் தெரிந்தவர்களுக்குப் படத்தைப் போட்டுக்காட்டினார்கள். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அவன். அந்த இடம் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாசித்த அதே மெட்டு, மூச்சு விட்ட இடங்கள்கூட என்னுடையவை. வாசிப்பது மட்டும் நான் இல்லை. யாரோ என்னைவிடச் சுத்தமாக வாசித்திருந்தார். நான் தவறி விழுந்த அந்தச் சறுக்கலையும், யோசித்துச் செய்ததுபோல் அழகாகச் செய்திருந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது கிடாருக்கு நேரே வேறு பெயர். நான் 'நன்றி'யில் இருந்தேன், ஷூட்டிங்குக்கு வீடு கொடுத்தவர்களோடு.

"நல்லா வாசிச்சிருக்கே" என்றார் அம்மா. அவரால் அந்தப் பொடி எழுத்துகளைப் படிக்க முடியாது. நான் தலையாட்டினேன்.

அம்மாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு அவனிடம் திரும்பிப் போனேன்.

"அது நான் இல்லையே."

"கைடு டிராக்னு சொல்வோம்டி. ஒருத்தர் முதல்ல வாசிச்சுக் கொடுப்பாங்க. அதைக் கேட்டு ஸ்டுடியோவுல இன்னொருத்தர் வாசிப்பார். எல்லாரும் பண்றதுதான்."

"எப்ப முடிவு பண்ணே?"

ஹெல்மெட் பட்டையைத் திருகிக்கொண்டே நின்றான். "அவரை முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். சொல்லியிருந்தா நீ இவ்வளவு உசுரக் குடுத்து வாசிச்சிருக்க மாட்டே."

வேறொருவரை வாசிக்க வைத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சினிமாவில் அப்படி நடக்கும்தான். ஆனால் என் ஹாலில் உட்கார்ந்து கைதட்டியபோதே அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் மிக்ஸி போட வேண்டாமென்று கெஞ்சியபோதும் தெரிந்திருந்தது. ஆட்டோவில் அம்மா அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீடு வரை நான் வெளியேயே பார்த்திருந்தேன்.

மறுநாள், என் வீட்டிலேயே இருந்த அவனுடைய இன்டர்ஃபேஸ் பெட்டியை அவன் வீட்டு வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கொயரையும் விட்டேன். அடுத்த படத்துக்கு அவனே கூப்பிட்டான். "இந்த வாட்டி நிஜமாவே நீதான்" என்றான். 'நிஜமாவே' என்ற வார்த்தைக்கு மேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. வேண்டாம் என்று சொல்லி போனை வைத்தேன்.

இப்போது எனக்கென்று ஓர் இன்டர்ஃபேஸ் வாங்கி, எனக்காகவே ரெக்கார்டு செய்கிறேன். கோபம் ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் யாராவது கேட்டுவிட்டுப் பிரமாதம் என்றால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.