ஒரு லிட்டர்

எண்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். என் மகள் செல்விக்கு மூன்று வயது. விடிந்து பத்து மணிக்குள் ஆறு தடவை வயிற்றால் போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

எங்கள் ஊர் பாலவனத்தத்துக்கு வந்த நர்ஸம்மா மூன்று பொட்டலம் கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி. "அண்ணே, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி. அளந்து கரைங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் திமிர்.

நான் அருப்புக்கோட்டையில் சாயப்பட்டறைக்காரன். நூலில் சாயம் ஏறவில்லையென்றால் தண்ணீரைக் குறைத்து உப்பைக் கூட்டுவோம், கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த வித்தையைப் பிள்ளை வயிற்றில் காட்டினேன். "கெட்டியாக் குடுத்தாத்தான்டி நிக்கும்" என்று என் மனைவி லட்சுமியிடம் சொல்லிவிட்டு, ஒரு பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்தேன். பிள்ளை ஓங்கரித்தது. மூக்கைப் பிடித்து ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் தீர்ந்தன.

போக்கு நிற்கவில்லை. தாகம்தான் கூடியது. மறுநாள் காலையில் வலிப்பு (கை கால் வெட்டி இழுப்பது) வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ரத்தத்தில் சோடியம் (உப்பில் உள்ள சத்து) எக்கச்சக்கமாக இருந்தது. என்ன கொடுத்தேன் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"உப்பு தனியாப் போகாதுப்பா. ஒவ்வொரு துகளும் தன்னச் சுத்தித் தண்ணியப் போர்த்திக்கிட்டுத்தான் நகரும். அளவா இருந்தா தண்ணிய உடம்புக்குள்ள கூட்டிட்டுப் போகும். மிஞ்சினா, உடம்புல இருக்குற தண்ணிய உறிஞ்சிரும். மூளையில இருக்குறதையும்தான்."

"அப்ப நிறையத் தண்ணி குடுத்தா சரியாப் போயிருமா சார்?"

"குடுத்துக் கொன்னுராதே. சுருங்குன மூளை சட்டுன்னு வீங்கிரும். ரெண்டு நாள், டிரிப்புல (நரம்பு வழியாக ஏற்றும் நீர்) மெதுவா ஏத்தணும். வாய்ல ஒரு சொட்டுக் கூடாது."

வலிப்பு நின்றதும் செல்வி கண்ணைத் திறந்தாள். "அப்பா, தண்ணி" என்றாள். அன்று முழுக்க அதையேதான் சொன்னாள். லட்சுமி ஈரத்துணியை முந்தானையில் ஒளித்து வந்து அவள் உதட்டில் வைத்தாள். பிடுங்கி எறிந்தேன்.

"அடப் பாவி, நெஞ்சா அது கல்லா? ஒரு வாய் ஊத்துங்களேன்!"

முதல் நாள் கேட்காத பேச்சை இப்போது அட்சரம் பிசகாமல் கேட்டேன். செல்வி என் முழங்கையைப் பிடித்து வியர்வையை நக்கினாள். அதுவும் உப்புதானே என்று கையை உதறிக்கொண்டேன். ஐயோ, உதறினேனே.

மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

"ஒரு வாய் குடுத்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "குடுத்திருந்தாலும் போயிருப்பா. நீ கரைச்ச டம்ளர்லயே எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிள்ளைக்கு வயிற்றால் போகிற வீட்டில் இருப்பவர்களே, பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுக்குக் கரையுங்கள். தண்ணீர் இல்லையென்றால் அடுத்த வீட்டில் கேளுங்கள். உங்கள் கெட்டிக்காரத்தனத்தைத் தொழிலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் தாகம் எடுத்தால் உடனே குடிக்கமாட்டேன். சொம்பை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், தொண்டை அடைக்கும், எச்சில் நூலாகும். மூன்று மணி நேரத்துக்கு மேல் என்னால் தாங்க முடிந்ததில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாங்கினாள்.