கூகைக்குக் கீழே நான்கு கோடுகள்

விளாங்குடியில் ஒரு ஸ்டுடியோவில் இருபத்தாறு வருடம் ரீடச்சிங் வேலை பார்த்தேன். மணப்பெண் முகத்துப் பரு, மேடை ஓரத்தில் தொங்கும் ஒயர், சாப்பாட்டுப் பந்தியில் வாய் திறந்திருக்கும் மாமா, எல்லாவற்றையும் அழித்துக் கொடுப்பதுதான் தொழில். வேலையை விட்ட பிறகு சொந்தமாகத் தூரத்தை அருகில் காட்டும் ஒரு டெலி லென்ஸ் வாங்கி ஆந்தைகளைப் படம் எடுக்கத் தொடங்கினேன். இந்தச் சம்பவம் போன கோடையில் நடந்தது. எடிட்டிங் பழகும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

கிணறு

பேரையூருக்குப் பக்கத்தில் சின்னச்சாமி என்ற விவசாயியின் தரிசில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம். உள்சுவரின் பொந்தில் கூகை, அந்த வெள்ளைமுக ஆந்தை, அடைவதாகப் போனில் சொன்னார். காலை ஏழு மணிக்கெல்லாம் பேருந்து நிலையத்திலிருந்து பைக்கில் கூட்டிப் போனார். வழியெல்லாம் மனைவியின் தம்பி பாண்டியைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"முந்தாநேத்து ராத்திரி குடிச்சுப்புட்டு எங்கூடச் சண்ட போட்டான்க்கா. திருப்பூர் போறேன்னு கெளம்புனவன்தான். போனையும் அணைச்சு வச்சிருக்கான். போகட்டும், சனியன் விட்டுச்சு."

கூகை வெளிச்சத்துக்கு மிரளும். அதனால் கிணற்று விளிம்பில் முட்புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாக லென்ஸை நீட்டினேன். எதிர்ச் சுவரில் வெள்ளை முகம் தெரிந்தது. அந்த முகம் படத்தில் வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை மைனஸ் இரண்டில் வைத்தேன். அப்படி வைத்தால் முகம் மட்டும் தங்கும், மற்றதெல்லாம் கறுத்துவிடும்.

பகலில் கூகை கண்ணை மூடித் தூங்கும். இது தூங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைத் தாழ்த்திக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. பதினோரு படம் எடுத்தும் ஒன்றில்கூட கண் கேமராவுக்கு வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுத்து இழுத்து, ஈரமில்லாத தொண்டையிலிருந்து வருவதுபோல.

சின்னச்சாமி என் காதருகே குனிந்தார். "ரெண்டு நாளா இப்புடித்தான் இழுக்குதுக்கா. மனுச மூச்சு மாதிரி இல்ல?"

"குஞ்சு பொரிச்சிருக்கும்ண்ணே. கூகைக் குஞ்சு இப்படித்தான் குறட்டை விடும்" என்றேன். அது உண்மைதான். அவரும் எட்டிப் பார்க்காமல் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

கறை

மதியம் வீட்டில், கேமரா பதிந்த அசல் படங்களான ரா ஃபைல்களைத் திறந்தேன். ஆறாவது படம் கூர்மையாக இருந்தது. புள்ளிப் புள்ளியான நாய்ஸைக் குறைத்தேன். சுவரின் கல் தெரியட்டும் என்று ஷேடோவைக் கொஞ்சம் தூக்கி, இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினேன். பொந்துக்குக் கீழே, துருத்திய ஒரு படிக்கல்லின் விளிம்பில் நான்கு வெளிறிய கோடுகள் எழும்பி வந்தன. பறவை எச்சம். பொந்துக்குக் கீழே எப்போதும் இருப்பதுதான். கறை அழிக்கும் ஹீலிங் பிரஷ்ஷால் நான்கு இழுப்பில் அழித்தேன். சுவர் சுத்தமானது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பதினோராவது படத்தைத் திறந்து அதே அளவு தூக்கினேன். கோடுகள் அங்கேயும் இருந்தன. ஆனால் கல்லின் வலது முனையில் இருந்தன.

திரும்ப ஆறாவது படத்துக்கு வந்து, அழித்ததை ஹிஸ்டரியில் மீட்டேன். இதில் இடது முனை. ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாகத் திறந்தேன். ஒவ்வொரு படத்திலும் அவை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தன. எச்சம் நகராது. ஷேடோவை முழுவதுமாகத் தூக்கினேன். புள்ளி புள்ளியாகச் சிதறிய கறுப்பில், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் நகம் இருந்தது.

காலையில் கேட்ட சத்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்னச்சாமியை அழைத்தேன்.

"அண்ணே, அந்தக் கிணத்துக்குள்ள ஆள் கிடக்கு. விரல் தெரியுது. உடனே ஓடுங்க."

மெல்லக் கேட்டார். "விரல்ல மோதிரம் கெடக்கா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். "செம்பு மாதிரி ஒண்ணு இருக்குண்ணே."

"அய்யோ, பாண்டி…" என்று கத்தியது கேட்டது. போன் எங்கோ விழுந்தது.

பாண்டி

தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி அவனைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. இருட்டில் தரிசு வழியாகக் குறுக்கே போனவன் விழுந்திருக்கிறான். இடது தொடை முறிந்து, படிக்கல்லுக்கு அடியில் இருந்த குடைவுக்குள் சிக்கிக்கொண்டான். உடம்பு எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். போன் கிணற்றடியில் கிடந்த தண்ணீரில் போய்விட்டது. முதல் நாளே கத்திக் கத்திக் குரலும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். காலில் பிளேட் வைத்திருந்தார்கள்.

"அது கண்ண மூடவே இல்லக்கா" என்றான். "ரெண்டு பகலும் என்னையவே பாத்துச்சு. நான் எப்பச் சாவேன்னு காத்துக் கெடக்கோன்னு நெனச்சேன்."

படத்தைக் காட்டச் சொன்னான். காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"நான் கை ஆட்டுனது தெரிஞ்சுச்சாக்கா?"

"தெரிஞ்சுச்சு" என்றேன்.

அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். முதலில் நான் அவனை அழித்தேன், நான்கு இழுப்பில். அதற்கும் முன்னால், சின்னச்சாமிக்கு வந்த சரியான சந்தேகத்தை என் கூகை அறிவால் அமுக்கினேன். காலையிலேயே அவரை எட்டிப் பார்க்க விட்டிருந்தால் அந்தப் பையன் இன்னொரு மதிய வெயிலைத் தாண்டியிருக்க வேண்டாம்.

இப்போது எந்தப் படத்தைத் திறந்தாலும், வேலை தொடங்கும் முன் ஷேடோவை ஒருமுறை கடைசி வரைக்கும் தூக்குவேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூலை மூலையாகப் பார்ப்பேன். அழிக்கப்போவது என்னவென்று தெரிந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.