ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு பேர்

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நான் கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்தொன்பது. உடம்பு மட்டும்தான் அலுவலகத்தில் இருக்கும். ஊரில் யார் மிஞ்சினார்கள், யார் எந்த அகதி முகாமில் என்று தெரியாமல் எங்கள் சனம் முழுவதும் தொலைபேசியைக் கையைவிட்டு வைக்காமல் திரிந்த நாட்கள் அவை.

பக்கத்து ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் தொண்டர்கள் சிலர், முகாம்களில் இருந்து தொலைநகலில் வரும் பெயர்ப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உறவுகளைத் தேடுகிறவர்களும் அங்கே வந்து தங்கள் ஆட்களின் விபரங்களைப் பதிவார்கள். அதற்குப் பாவித்தது ஒரு திறந்தமூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுக்கலாம். வேலை தெரிந்த யாரும் திருத்தி அனுப்பலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதியது.

அதில் ஒரு குறை இருந்தது. பட்டியல்கள் ஆங்கிலத்தில் வரும். ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஓர் எழுத்து மாறினாலும் மென்பொருள் அப்படி ஒருவர் இல்லை என்றுவிடும். நான் மூன்று நாள் மினக்கெட்டு, பெயரின் ஒலியும் ஊரும் ஒத்துவந்தால் தேடுகிறவர் கொடுத்த பதிவையும் முகாம் பதிவையும் ஒன்றாகச் சேர்க்கும்படி நிரல் எழுதி அனுப்பினேன்.

வருகிற நிரல்களைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு வேறொரு நாட்டில் இருந்த ஒரு பெண்ணுடையது. அவருடைய முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்கும், சோதித்துப் பார்த்தீர்களா? எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே சனம் பரிதவிக்கிறது, இவர் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். நான் சோதித்தது எனக்குத் தோன்றிய பத்துப் பெயர்களை மட்டும். ஆனால் எல்லாம் பார்த்தாயிற்று என்று பதில் போட்டேன். அவர் நம்பி ஏற்றுக்கொண்டார்.

அடுத்த நாளே மண்டபத்தில் ஒரு பெண்ணுக்குத் தம்பி கிடைத்துவிட்டார். வயது முப்பத்துநாலு, இன்ன முகாமில் இருக்கிறார் என்று திரை காட்டியது. அந்த அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மதியத்துக்கு முன்னம், மண்டபத்தில் இருந்து தொலைபேசி வந்தது. ஸ்ரௌவ்வில் என்ற பக்கத்து ஊரில் இருந்து ஒரு மகள் வந்து தகப்பனைத் தேடினாராம். தகப்பன் அதே முகாமில் இருப்பதாக அரைகுறையாக ஒரு செய்தி கேள்விப்பட்டு, சரிதானா என்று பார்க்க வந்தவர். பெயர் சரி, ஊர் சரி, வயது மட்டும் முப்பத்துநாலு என்று காட்ட, அது தன் தகப்பன் இல்லை என்று திரும்பிப் போய்விட்டாராம். தட்டச்சில் பிழை விட்டுவிட்டோமோ என்று தொண்டர் கேட்டார்.

தொலைநகலை எடுத்து வயதைப் பார்க்கச் சொன்னேன். மங்கலாக இருந்ததால் ஏற்றும்போது வெறுமையாக விட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அறுபத்தொன்று, அந்த மகள் சொன்ன வயதேதான். வெறுமையாக இருந்த அந்த இடத்தில், அந்த அக்கா பதிந்த தம்பியின் வயதைக் கொண்டுபோய் நிரப்பியது என் நிரல்.

சுகமில்லை என்று சொல்லிவிட்டு அலுவலகத்தில் இருந்து இறங்கினேன். பக்கத்து நூலகத்தில் இருந்துகொண்டு என் நிரலை ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு உண்மையை எழுதினேன். சோதிக்கவில்லை, பொய் சொன்னேன் என்பதையும் எழுதினேன். கிழித்துப் போடுவார் என்று காத்திருந்தேன். சில நிமிடங்களில் பதில் வந்தது. நிரலை ஏற்றுக்கொண்டதே தான்தான், அதனால் பிழையில் பாதி தன்னுடையது, முதலில் பதிவுகளைப் பிரிப்போம் என்று எழுதியிருந்தார். அவரும் தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு இருந்தார். என் நிரல் பதினொரு சோடிப் பதிவுகளை ஒன்றாக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, வீட்டாரிடம் விசாரிக்கும்வரை 'உறுதியில்லை' என்று குறித்தோம்.

மிஞ்சியது அந்த அக்காவிடம் சொல்வது. தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. அவருடைய அடுக்குமாடிக்குப் போனேன். லிஃப்ற்றில் ஏறி, அவர் மாடி வந்தும் இறங்காமல் திரும்பக் கீழே வந்து, மறுபடி ஏறினேன். கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாரும் பிள்ளை, இரும். தேத்தண்ணி போடுறன்."

இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அது உங்கட தம்பி இல்லை. நான் எழுதினதில பிழை விட்டிட்டன்."

அவர் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அங்க இருக்கிறது ஆர்?"

வயதான ஒருவர் என்றேன். மகள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறார், தேடி வந்து திரும்பிப் போனவர் என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டீரே, தேப்பன் இருக்கிறார் எண்டு?"

நான் சொல்லியிருக்கவில்லை. காலையில் இருந்து என் பிழை, என் பொய், என் பயம் என்றே சுற்றிக்கொண்டிருந்தேன். தகப்பன் உயிரோடு இல்லையோ என்று ஒருத்தி அங்கே தவித்துக்கொண்டிருப்பது என் தலையில் ஏறவே இல்லை.

"முதல்ல அதை எடுத்துச் சொல்லும்," என்று தன் தொலைபேசியை என் கையில் தந்தார்.

மண்டபத்தில் கேட்டு அந்த மகளின் இலக்கத்தை வாங்கி அழைத்தேன். தகப்பனின் பெயரையும் வயதையும் நான் சொன்னதும் மறுமுனையில் அந்த மகள் அழுத சத்தம் அந்த அக்காவுக்கும் கேட்டிருக்கும். நான் தொலைபேசியை வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

அந்தத் தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நிரலைத் திருத்தி எழுதினேன். இந்தமுறை சோதிக்க ஒரு வாரம் எடுத்தது. இப்போது நானும் மற்றவர்களின் நிரல்களைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறேன். கேள்வி கேட்டால் சிலர் எரிச்சல்படுகிறார்கள், பரவாயில்லை. ஆனால் தன் ஆள் இல்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் இன்னொருவரின் ஆளைப் பற்றிக் கேட்க என்னால் முடிந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை வருடம் கழித்தும், முடிந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.