காரணம் சொல்லாத விசில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், அந்தமானில் ஹேவ்லாக் தீவில் நடந்தது இது. ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியாகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். நாங்கள் போர்ட் பிளேர் லம்பா லைன் பகுதிக்காரர்கள். மெயின்லேண்டிலிருந்து வரும் உறவினர்களுக்குக் கடலைக் காட்டியே அலுத்துப்போன எங்களுக்கு, இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மகள் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் பதிவு செய்து தந்தாள். சாப்பாடு, படகு, மாலை டீ எல்லாம் அடக்கம். போனதுமே கையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அரைமணி நேரத்தில் எனக்கு மகாராணி நினைப்பு வந்துவிட்டது.

இரண்டாம் நாள் காலை டிபன் முடிந்ததும் கணவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். நான் மட்டும் கரையோரமாக நடந்து, ஓர் ஓடை கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கியிருப்பேன், பின்னால் விசில். ரிசார்ட்டின் லைஃப்கார்டு ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும், ராமநாதபுரத்துக்காரர்.

"மேடம், மேல வாங்க. தண்ணி சரியில்ல."

"தண்ணிக்கு என்ன? குளம் மாதிரிதானே கிடக்கு?"

காரணம் சொல்லவில்லை. நான் வீம்புக்கு இன்னும் இரண்டடி உள்ளே போனேன். அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டார்.

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்தாரே என்று எனக்குக் கோபம். எனக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு விஷயம். "நேத்து மெயின்லேண்ட்லேர்ந்து வந்துட்டு, எங்க சமுந்தரை, எங்க கடலை எனக்கே சொல்லித் தர்றீங்களா? நாங்க லோக்கல்!" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். போதாதென்று மேனேஜரிடம் புகாரும் எழுதிக் கொடுத்தேன். லைஃப்கார்டு கைகட்டி நின்று, "தப்புதான் மேடம்" என்றார். அப்போதும் காரணம் சொல்லவில்லை. மாலையில் கடற்கரையில் வேறொருவர் நின்றார். நல்லதுதான் என்று டீ குடித்தேன்.

மறுநாள் கப்பல் ஏற எங்களை ஜெட்டிக்கு அழைத்துப்போன ஜீப் டிரைவர் மெதுவாகக் கேட்டார்.

"தீதி, ஓடைப் பக்கம் போன கெஸ்ட் நீங்கதானா? நேத்து விடியக்காலை அங்க மகர் தெரிஞ்சுது. முதலை. ஃபாரஸ்ட்காரங்க வந்து பாக்குறவரைக்கும் கெஸ்ட்டுங்ககிட்ட அந்தப் பேரையே எடுக்கக் கூடாதுன்னு ஆர்டர். சொல்லியிருந்தா லைஃப்கார்டு வேலை போயிருக்கும். சொல்லாம இழுத்ததுக்கு இன்னைக்குப் போகுது."

ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனது.

ரிசார்ட்டின் வரவேற்பறையில் அப்போதுதான் வந்திறங்கிய ஒரு கூட்டம் மஞ்சள் பட்டைக்காக வரிசையில் நின்றது. நான் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி, 'முதலை' என்ற சொல்லை எல்லோர் காதிலும் விழும்படி மூன்று முறை சொன்னேன். என் உயிரைக் காப்பாற்றியவரை அனுப்பினால் இன்னும் சொல்வேன் என்றேன். மேனேஜர் அவசரமாகத் தலையாட்டினார்.

லைஃப்கார்டு ஊழியர் குடியிருப்பு வாசலில், கட்டிய பையோடு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது.

"பரவால்லக்கா. கரையில நின்னுதான திட்டுனீங்க. அது போதும்."

இப்போதெல்லாம் யாராவது காரணம் சொல்லாமல் என்னைத் தடுத்தால், முதலில் கரையேறிவிடுகிறேன்; கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.