வீட்டில் யாருக்குச் சுகமில்லை?

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு ஹோட்டல் ஹாலில் குளிரில் நடுங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். விட்டுப் போகாத வேலைக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று முதலாளிமாருக்கு ஒரு வகுப்பு. நான் எந்தக் காலத்திலும் முதலாளியாக இருந்ததில்லை. மார்த்தாண்டத்தில் செல்போன் கடை வைத்திருக்கிற மருமகன் பணத்தைக் கட்டிவிட்டார், வருவதற்கு நேரமில்லை. சும்மா இருக்கிற மாமனார் பிறகு எதற்கு? மத்தியானச் சாப்பாடு உண்டு என்றார்கள், போய்விட்டேன்.

மேடையில் கோட்டுப் போட்ட ஒரு பையன். "இது கம்பெனி இல்ல சார், குடும்பம்னு அவங்க நெனைக்கணும்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். நம்மூர் வெக்கையில் கோட்டுப் போட்டுக்கொண்டு குடும்பம் பேசுகிறவனை எனக்கு நம்பத் தோன்றுவதில்லை. ஹாலே கைதட்டியது. முன்வரிசையில் ஒரு துணிக்கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். கடைப் பெண்களை நாள் முழுக்க உட்காரவிடாதவர் அவர். அவருக்கும் குடும்பம்தான்.

ஏசி தாங்காமல் பக்கத்து நாற்காலிக்காரர் நெற்றியில் தைலம் தேய்த்தார். அந்த வாசனை வந்ததும் கோட்டுப் பையன் மறைந்துபோனான். அம்மா வந்துவிட்டாள், கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு, நெற்றியில் தைலம் பளபளக்க, ஒரு நோயும் இல்லாமல்.

சொல்கிறேன். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் மிதியடி செய்கிற கம்பெனி ஒன்றில்தான் எனக்கு முதல் வேலை. ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் வருகிற புளித்த நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? அங்கே வேலை பார்த்தவன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகும். முதலாளிக்கு மட்டும் அது நாறவே நாறாது. அதைவிட நாறின காரியங்களைச் செய்து பழகின மூக்கு.

மெஷின் பிடிக்கக் கற்றுக்கொண்ட கையோடு பையன்கள் பாஸ்போர்ட் எடுத்துவிடுவார்கள். அப்புறம் துபாய், மஸ்கட். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் பாதிப் பேர் நின்றிருப்பார்கள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலாளி யோசித்தார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை கேட்டு வருகிறவனிடம் படிப்பைக் கேட்கமாட்டார். ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு அவன் வீட்டுக்கே போய்விடுவார். "வீட்டுல ஆருக்காவது சொகமில்லாம உண்டுமா?" கட்டிலில் ஒரு ஆள் கிடந்தால் வேலை உறுதி. கிடக்கிறவர் எழுந்திருக்கமாட்டார், பையன் எங்கேயும் போகமாட்டான். அவருடைய மொத்த நிர்வாக ஞானமும் இதுதான்.

விஷயம் ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? ஒரே தாத்தா மூன்று வீட்டுக் கட்டிலில் மாறி மாறிப் படுத்து மூன்று பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். பொய்யாக இருக்கலாம். எனக்குப் பிடித்த பொய்.

என் அம்மா முழுப் பலாச்சக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவள். "ஏலே, கல்லு மாதிரி இருக்கிய நான் கெடக்கணுமால?" என்றாள். ஆனாலும் கிடந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கம்பளிக்குள் அவள் குலுங்கியதை முதலாளி குளிர்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார். "அம்மையை விட்டுட்டு எங்கயும் போவாத மக்கா" என்று என் தோளைத் தட்டினார். ஆபீஸில் பில் எழுதுகிற வேலை கிடைத்தது.

ரோலர் மெஷின் ஓட்டின ஸ்டீபனுக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. தேங்காய்ப்பட்டணத்துக் கூட்டாளி ஒருவன் துபாயிலிருந்து விசா அனுப்பினான். ஸ்டீபன் வேண்டாமென்றான். பிறகு இன்னொன்று வந்தது, அதையும் விட்டான். இதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். ஓடிவிடுவான் என்று சந்தேகப்பட்டவனுக்குச் சம்பளம் ஏறும், ஸ்டீபனுக்கு ஏறாது. கேட்டால், "அவன் எங்க போவான்?" என்பார்.

ஒரு நாள் காலையில் ஸ்டீபன் ஆபீஸுக்குள் வந்து நின்றான். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, ரெண்டு நாள் லீவு வேண்டும் என்றான். முதலாளி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அம்மைக்கு சொகமில்லேன்னுதானே உனக்கு வேலை தந்தது? பின்ன அதுக்கு லீவும் தரணுமா?"

சொல்லிவிட்டு, நல்ல தமாஷ் ஒன்று அடித்துவிட்டது போல என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எத்தனையோ அற்பர்களைப் பார்த்தாயிற்று. இத்தனை கலப்படமில்லாத அற்பத்தனத்தைப் பிறகு பார்த்ததில்லை. மருந்துக்கு அந்தச் சம்பளம்தான் கதி, ஸ்டீபன் திரும்ப மெஷினுக்குப் போனான். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். அம்மா போய்விட்டாள்.

அடக்கத்துக்கு முதலாளி வெள்ளை வேட்டியில் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஸ்டீபனின் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகக் கேட்டார்: "இனி வீட்டுல ஆருண்டு மக்கா?" அந்த அன்பைப் பார்த்துச் சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் எதற்குக் கேட்கிறார் என்று கம்பெனி ஆட்களான எங்களுக்குத்தான் தெரியும். ஸ்டீபனுக்கும் தெரியும்.

"ஆரும் இல்ல மொதலாளி. இனி சொகமில்லாம கெடக்கதுக்கு நான் மட்டுந்தான் உண்டு" என்று கையை உருவிக்கொண்டான். அதன் பிறகு கம்பெனிப் பக்கம் வரவில்லை. அடுத்து வந்த விசாவில் போய்விட்டான். முதலாளி அவனை நன்றிகெட்டவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுக்கிற சாக்கில், என் அம்மா இன்னும் கிடக்கிறாளா என்று பார்க்க வந்தார். ஸ்டீபன் சங்கதியை என்னிடம் கேட்டுக் கொதித்துப்போயிருந்த அம்மா, முற்றத்தில் விறகு கீறிக்கொண்டிருந்தாள். கோடாலியைக் கீழே வைக்காமலே பேசினாள். "எனக்கு ஒரு சூக்கேடும் இல்ல, கேட்டியளா. அண்ணைக்குக் கெடந்தது சும்மா. எனக்க மவன் நெனச்சா நாளைக்கே போவான்." வேலை போயிற்று என்றே நினைத்தேன். அடுத்த மாதமே சம்பளம் கூடியது. அம்மா எழுந்து நின்றதற்குக் கிடைத்த சம்பளம் அது. நானோ, பாஸ்போர்ட் எடுக்கவும் துப்பில்லாமல், கம்பெனியை மூடும்வரை அங்கேயே கிடந்தேன்.

இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. ரோலர் இல்லை, புகைக்கூடு இல்லை, அந்த நாற்றமும் இல்லை. இடிந்துபோன பழைய இடங்களைப் பற்றி எல்லாரும் உருகி உருகி எழுதுகிறார்கள். இந்த இடம் போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை. ஒரு செங்கல்கூட மிச்சம் வைக்காமல் இடித்தவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஊருக்கு வந்திருந்த ஸ்டீபனும் நானும் அங்கே ஒரு கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆபீஸ் இருந்த இடத்தில்தான் பந்தி. பாயசம் விளம்பினார்கள். ஸ்டீபன் அதைத் தொடாமல் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்கன நின்னுதானே லீவு கேட்டேன்?"

"ஆமா."

"ரெண்டு நாளுதான் மக்கா கேட்டேன்" என்றான்.