செருப்போடு வாங்க, டீச்சர்

நோயாளி நன்றாக நடந்தால் பிசியோதெரபிஸ்ட் சந்தோஷப்பட வேண்டும். இல்லையா? போன மாதம் ஒரு காலை, ஸுஹைரா டீச்சர் என் முன்னால் அழகாக நடந்து காட்டினார். எனக்கோ அதுவே கவலையாகிப் போனது.

டீச்சருக்கு ஊர் மலைநாட்டு அலவத்துகொட. கணிதம் படிப்பிக்கிறார். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று கண்டுபிடித்துக் கொஞ்சக் காலம்தான் ஆகிறது. நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய் அது. மூளை ‘காலைத் தூக்கு’ என்று சொல்லும். செய்தி காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி தொலைந்திருக்கும். அதுவும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. காலையில் ஒரு நடை. களைத்துப்போனால், உடம்பு சூடேறினால்... வேறொரு நடை.

டீச்சரின் வகுப்பு மூன்றாம் மாடியில். கீழே மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். நடை எப்படி என்று ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள், அதைத் தீர்மானிக்கும் மெடிக்கல் போர்டில். ‘நன்றாக நடக்கிறார்’ என்று எழுதினால் மூன்றாம் மாடியேதான். ‘நடக்கச் சிரமப்படுகிறார்’ என்று மட்டும் எழுதினால், ஓய்வு எடுங்கள் என்று ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் நான் — கையில் ஸ்டாப்வாட்சுடன்.

சோதனை ஒன்றும் சிக்கலானதல்ல. தரையில் டேப் ஒட்டி அளந்து வைத்த தூரத்தை நடக்க வேண்டும். பிறகு கதிரையிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நேரத்தையும் பார்ப்போம், காலையும் பார்ப்போம்.

டீச்சர் இதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். முந்தின நாள் லீவு போட்டு முழு ஓய்வு. வீட்டு ஹோலில் ஒத்திகை வேறு. அவருடைய நானா, அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அண்ணன், வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். உள்ளே டீச்சர் தனியாக, நிமிர்ந்து, காலைக் குளிரில், வழுவழுத் தரையில்... அப்படியொரு நடை.

தங்கச்சி வேலையை விட்டுவிட வேண்டும் என்பது நானாவின் ஆசை. எல்லாம் பாசம்தான். “இவ்வளவு நல்லா நடந்தா, நான் எப்படி மிஸ் இவவ வீட்டுல இருக்கச் செல்ற?” என்று என்னிடமே முறைப்பாடு வைத்தார்.

அவர்களை அனுப்ப வாசலுக்குப் போனேன். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. வலது செருப்பு புதுசு மாதிரி இருந்தது. இடது செருப்பின் முன் விளிம்பு மட்டும் தேய்ந்து சப்பையாகிப் போயிருந்தது.

தூக்க முடியாமல் இழுபடும் கால் செருப்பை அப்படித்தான் தின்னும். அன்றாடம் போடும் காலணியோடுதான் நடக்க வைக்க வேண்டும் என்பது சோதனையின் விதி. ஆனால் எங்கள் பக்கத்தில் டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறவர் யார்? மரியாதை வாசலில் விட்டுவைத்தது பாதி நோயை!

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வரச் சொன்னேன். மாடி ஏறி இறங்கிய காலோடு, செருப்போடு.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. “மார்க்ஸ் குறையுமே மிஸ்.”

“குறையட்டும் டீச்சர். உங்களுக்கு என்ன தேவைன்னு அப்பதான் என்னால எழுத முடியும்.”

வந்தார். அதே டேப், அதே கதிரை. இடது கால் தரையை உரசிக்கொண்டே வந்தது. திரும்பும் இடத்தில் சுவரைப் பிடித்தார். உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஃபெயிலா என்று மெதுவாகக் கேட்டார். அப்படி எழுத இதில் இடமே இல்லை என்றேன்.

இரண்டு நடையையும் பக்கத்தில் பக்கத்தில், தேய்ந்த செருப்பையும் குறிப்பிட்டு எழுதினேன். சமதரையில் நடக்கலாம். படியும் களைப்பும் சேர்ந்தால் விழுவார். கீழ்மாடி வகுப்பும், நடுவில் கொஞ்சம் ஓய்வும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரி: ‘இவரால் தொடர்ந்து படிப்பிக்க முடியும்.’

மெடிக்கல் போர்டில் மூத்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு, செருப்பைப் பார்க்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். என் அப்பா ஹந்தானையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி, ஆபீஸ் வாசலில் மழையிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் என்றேன். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காடு வழியாக நடந்தே இந்த மலைக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. இன்று நடையை அளப்பது என் தொழில். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் எழுதிய ரிப்போர்ட்டின் கீழ் அந்த டாக்டர் ஒரு வரியும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க?

போன செவ்வாய்க்கிழமை டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். கீழ்மாடி கிடைத்துவிட்டதாம். ஆனால் கொடுத்தது ஒன்பதாம் வகுப்பு பி — எந்த டீச்சரும் ஒரு பள்ளித் தவணைக்கு மேல் தாக்குப்பிடிக்காத வகுப்பு. எனக்குப் பதறிவிட்டது. களைப்பாகிவிடுமே, வேறு வகுப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதித் தரவா என்றேன்.

டீச்சர் சிரித்தார். “நடக்கத்தான் மிஸ் உங்கட உதவி. அவனுகள உட்கார வைக்கிறது என்ட வேல.”