பை ரிப்பேர் கடை திறந்திருக்கும் நேரம்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. பொறியியல் முடித்தேன். சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்கான கடிதம் கொடுத்தது. சேரும் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனது.
2. சும்மா இருந்த நாட்களில், பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் மாமா நடத்திய பை ரிப்பேர் கடைக்கு ஒரு வெப்சைட் செய்தேன்.
3. இரண்டு மாதம் அதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.
4. ஊரில் உள்ள கடைகளைத் தேடுபவர்களுக்குக் காட்டும் இணையப் பட்டியலில் கடையைச் சேர்த்தேன். பார்க்கத் தொடங்கினார்கள்.
5. பார்த்தவர்கள் யாரும் கடைக்குள் வரவில்லை.

ஐந்தாவதுதான் சிக்கல். மாமாவுக்குப் பொங்கல் வரைதான் அவகாசம் இருந்தது. சேதராப்பட்டில் பை தைக்கும் தொழிற்சாலை ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் பதில் சொல்ல வேண்டும். கடை முன் ஜூன் மாதத்தில் ஸ்கூல் பைகளோடு வரிசையில் நிற்பார்கள். மற்ற மாதங்களில் தையல் மிஷினுக்கு ஓய்வு அதிகம். பொங்கலுக்குள் ஜனம் வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிடுவது என்று மாமாவும் அத்தையும் பேசி வைத்திருந்தார்கள். அத்தை என் அப்பாவின் தங்கை. முடிவைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினேன்.

முதலில் செய்த தவறை ஒப்புக்கொள்கிறேன். வெப்சைட்டின் தலைப்பில் 'கம்ப்ளீட் லக்கேஜ் கேர் சொல்யூஷன்ஸ்' என்று போட்டிருந்தேன். ஊர் பெயர் எங்கேயும் இல்லை. பை கிழிந்தவர் எவரும் சொல்யூஷனைத் தேடுவதில்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து, வந்த சிலர் என்ன சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள் என்று எழுதினேன். 'ஜிப் ஓடல.' 'வீல் உடைஞ்சிடுச்சு.' 'கைப்பிடி மேல வர மாட்டேங்குது.' இந்தச் சொற்களைத்தான் ஆங்கிலத்தில் வெப்சைட்டில் வைத்தேன். கூடவே பாண்டிச்சேரி, முத்தியால்பேட்டை, மணிக்கூண்டிலிருந்து எத்தனையாவது தெரு, பீச்சிலிருந்து ஆட்டோவில் எத்தனை நிமிடம், எல்லாம்.

அடுத்தது பட்டியலில் சேர்ப்பது. கடை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க, கடையின் டெலிபோனுக்கு மிஷின் குரல் ஒன்று கூப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை நான் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். முதல் முறை, மதியம் இரண்டு மணிக்கு முயன்றேன். லைன் பிஸி. மாலை ஐந்து மணிக்கு மறுபடி. இந்த முறை அத்தை எடுத்தார். நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கோபத்தில் இருந்தார்.

"எவளோ ஒருத்தி நம்பரு சொல்லிக்கினே இருந்தா பாப்பா. யாரும்மா நீ, யாரு வேணும்னு நாலு வாட்டி கேட்டேன். பதிலே இல்ல. வெச்சுட்டேன்."

"அத்தை, அது மிஷின். அந்த நம்பரைத்தான் எழுதிக்கச் சொன்னேன்."

"மிஷினா இருந்தா இன்னா? வணக்கம் சொல்லக் கூடாதா?"

மூன்றாம் முறை, பையில் குறி போடும் சாக்குக்கட்டியால் எண்ணைத் தையல் மிஷின் பலகையில் எழுதி வைத்திருந்தார். ஆறே வாரத்தில், எங்கள் ஊரில் பை ரிப்பேர் தேடினால் கடை முதலில் வந்தது. போட்டிக்கு வேறு யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வெப்சைட்டுக்கு வருபவர்களை மணி வாரியாகக் காட்டும் ஒரு வரைபடம் எனக்குக் கிடைத்தது. காலையில் தரையோடு படுத்திருக்கும் கோடு, பன்னிரண்டு மணிக்கு மேல் எழும்பி, இரண்டு மணிக்கு உச்சியில் நிற்கும். நாலு மணிக்கு மறுபடி படுத்துவிடும். சனி, ஞாயிறுகளில் இன்னும் உயரம். இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒரு போன்கூட வரவில்லையே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன். கடை சாத்தியிருந்தது. மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை எங்கள் ஊரில் பாதிக் கடைகள் சாத்தித்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது என் கண்ணில் பட்டதே இல்லை. ஷட்டர் முன்னால் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். பெங்களூர்க்காரர்கள். பெட்டியின் ஜிப் வாய் பிளந்து, உள்ளே இருந்த துண்டு எட்டிப் பார்த்தது. பன்னிரண்டு மணிக்கு ஓட்டலைக் காலி செய்தார்களாம், ஐந்து மணிக்கு பஸ். கணவர் செல்போனைக் காதில் வைத்தபடி, "ஒரு மணி நேரமாக பிஸி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் கடைசியில் துப்பட்டாவை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். இருவரும் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனேன். கடையின் பின்பாதியில், துணிச் சுருளைத் தலைக்கு வைத்து மாமா பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். டெலிபோன் ரிசீவர் கீழே, ஒரு குஷன் மேல், அதுவும் படுத்திருந்தது.

மூன்றரை வரை காத்திருந்து, அச்செடுத்து வைத்திருந்த வரைபடத்தைக் காட்டினேன். "மாமா, உங்களைத் தேடுறவங்க எல்லாரும் ஊரைவிட்டுக் கிளம்பறவங்க. ரூமைக் காலி பண்ணிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துலதான் அவங்களுக்குப் பை ஞாபகம் வருது."

மாமா கோட்டைக் கவனமாகப் பார்த்தார். "இது நா தூங்கற நேரமாச்சே."

"அதைத்தான் சொல்றேன்."

"பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போனான், கோர்ட்டு போச்சு, காசு மாறிச்சு. மதியத் தூக்கத்த மட்டும் யாரும் தொடல. நீ கம்ப்யூட்டர வெச்சுக்கினு தொட வர்ற."

"தூங்கு, தூங்கு," என்றார் அத்தை. "பொங்கல் முடிஞ்சி சேதராப்பட்டு போனா, அங்க மதியத்துல பாயி போட்டுக் குடுப்பாங்க."

மாமா வரைபடத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். தொழிற்சாலையில் மதிய இடைவேளை அரை மணி நேரம் என்று விசாரித்து வைத்திருந்தார் போலும். முகம் அப்படித்தான் இருந்தது.

முடிவை எடுத்தது அத்தை. ஜிப் ரன்னர் மாற்ற அவருக்குத் தெரியும், பட்டை தைக்கவும் தெரியும். வீல், கைப்பிடி இரண்டும்தான் மாமாவின் கை வேலை. "மதியத்துக்கு நா உக்காறேன். ஒங்க மாமா தூங்கட்டும். ரிசீவர மட்டும் எடத்துல வையி. போயி அந்தக் கம்ப்யூட்டரு பொட்டியில மாத்திடு பாப்பா, மதியமும் தெறந்திருக்கும்னு."

அன்று மாலையே மாற்றினேன். வெப்சைட்டில், பட்டியலில், இன்னும் இரண்டு இடங்களில். ஓரிடத்தில் ஒரு நேரமும் இன்னோரிடத்தில் வேறு நேரமும் இருந்தால், அடைத்த ஷட்டர் முன்னால் இன்னொருவர் நிற்பார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூன்று பெட்டிகள் வந்தன. இரண்டை அத்தை முடித்தார். மூன்றாவதில் வீல். சென்னைக்குப் போகும் ஒரு குடும்பம், குழந்தையோடு நான்கு பேர். அத்தை உதட்டில் விரலை வைத்து, பின்பக்கம் காட்டி, "வீட்டுக்காரரு தூங்கறாரு. மூணரைக்கு எழுந்து போட்டுக் குடுத்துடுவாரு. சத்தம் போடாம குந்துங்க," என்றார். அவர்கள் ஸ்டூல்களில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகூட. மாமா எழுந்து வந்து பத்து நிமிடத்தில் வீலைப் பொருத்திவிட்டு, "எல்லாரும் ஏன் இப்பிடி மெதுவா பேசறீங்க? யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

அந்தக் குடும்பத்தில் யாரோ பட்டியலில் கடைக்கு ஆங்கிலத்தில் ஒரு விமர்சனம் எழுதினார்கள். எங்கள் முதல் விமர்சனம். வேலை மிக நன்று, மதியத்தில் போனால் மெல்லப் பேசவும், உள்ளே வல்லுநர் ஓய்வெடுக்கிறார் என்று. அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். 'வல்லுநர்' என்ற சொல்லை மாமா இரண்டு முறை சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த சிலர் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு நுழைந்தார்கள்.

மார்கழி முழுக்க அப்படியே போனது. பொங்கல் கழிந்து தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தபோது மணி இரண்டே கால். முன்னால் ஐந்து பெட்டிகள் நின்றன. அத்தை அவரிடமும் உதட்டில் விரலை வைத்தார். அவர் கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நா வந்து கேட்டேன்னு சொல்லுங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். எழுந்ததும் மாமா போன் செய்து, வரவில்லை என்று சொன்னார்.

மாமா சேதராப்பட்டுக்குப் போகவில்லை. கடை காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, மதியத்திலும், திறந்திருக்கிறது. ஜிப் வேலையை அத்தை செய்கிறார். வீல், கைப்பிடிக்கு மூன்றரை வரை காத்திருக்க வேண்டும்.